உலையில் போடும் முன்

திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவச் சபைகளில் பிடி அரிசிக் காணிக்கை என்றொரு வழக்கம் உண்டு. சமையலுக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னே, அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். சேர்ந்த அரிசி கோவிலுக்குப் போகும். அதை விற்று வரும் பணம் ஊழியத்துக்கு. மிசோரம் சபைப் பெண்களும் நூறாண்டுக்கு மேலாக வேளைக்கொரு பிடி என்று எடுத்து வைக்கிறார்கள். அன்னதானத்துக்கென்று பிடி அரிசி ஒதுக்கும் இந்து வீடுகளும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆகையால் இது எங்களுக்கே உரியது என்று நான் சொல்லவில்லை. எங்கள் விசுவாசத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவற்றில், பிரசங்கங்களுக்குச் சற்றும் குறையாமல், இந்தப் பானைக்கும் பங்குண்டு என்றே சொல்கிறேன்.

*

எடுக்கும் நேரத்தைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின் பானையில் மிஞ்சியிருப்பதைக் கொடுப்பது எளிது. அப்போது கணக்கு முடிந்துவிட்டது. யாருக்கு எவ்வளவு பசி என்பது தெரிந்துவிட்டது. அரிசி பச்சையாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. பிள்ளை இன்னும் ஒரு கை கேட்கலாம். வெயிலில் ஒரு விருந்தாளி வந்து நிற்கலாம். தெரியாத அந்த நேரத்தில் கை அரிசிக்குள் போய் ஒரு பிடியோடு வெளியே வருகிறது. அந்த ஒரு கணத்துக்கு வேண்டிய நம்பிக்கை விசுவாசப்பிரமாணம் முழுவதையும் சொல்லி முடிக்க வேண்டிய நம்பிக்கையைவிடச் சிறியது என்று எனக்குத் தோன்றவில்லை.

வேதாகமத்தில் வரும் சாறிபாத் ஊர் விதவையின் கதையைச் சிறுவயதில் கேட்டபோது எலியா தீர்க்கதரிசியின்மேல் எனக்குக் கோபம் வந்தது. பஞ்ச காலம். அவளிடம் இருப்பது ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும். அதைச் சமைத்து மகனோடு சாப்பிட்டுவிட்டுச் சாகலாம் என்றிருந்தவளிடம், முதலில் எனக்கு ஒரு சிறிய அடை செய்து கொண்டுவா என்று கேட்க எப்படி மனம் வந்தது? இன்று அந்த அதிகாரத்தைப் படிக்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. அவர் எல்லாவற்றையும் கேட்கவில்லை. அதற்குப் பின் உனக்கும் உன் மகனுக்கும் செய் என்கிறார். கேட்டது முதலிடத்தை மட்டும்தான். கடினமானதும் அதுதான்.

காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவை வேறு. அவள் தன்னிடம் இருந்ததெல்லாம் போட்டாள். அவளைப் பற்றி அவசரப்பட்டு எழுத எனக்குத் துணிவில்லை.

*

எங்கள் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் நெல் விளையாது. பனை நிற்கும். பதநீர் இறங்கும் மாதங்களில் கருப்பட்டி காய்ச்சி விற்ற காசில்தான் மற்ற மாதங்களும் ஓடவேண்டும். அரிசி விலைக்கு வாங்கும் பண்டம். அந்த வீடுகளில் ஒரு பிடி அரிசிக்கு இருந்த கனம், இருபத்தைந்து கிலோ மூட்டையாகக் கடையிலிருந்து இறக்கிவைக்கும் எனக்குத் தெரியாது.

அப்படிப்பட்ட ஜனங்களின் காணிக்கையை நம்பித்தான் 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் பணத்தில் நம் ஆட்களை அனுப்புவோம் என்பதே தீர்மானம். தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்கள் போனார்கள். சங்கத்தைத் தொடங்கியவர்களில் முன்நின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் பின்னர் அங்கேயே போனார். 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அவர் படம் எங்கள் பக்கத்தில் பல இடங்களில் தொங்குகிறது, தொங்கவேண்டியதுதான். அரிசி எடுத்துவைத்த பெண்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. சாக்கில் கொட்டியபின் எந்தப் பிடி யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. மின்விசிறியின் இறக்கையிலும் உபயம் இன்னார் என்று எழுதிவைக்கும் காலத்தில் அந்தச் சாக்கை நினைத்தால் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்று ஆண்டவர் சொன்னது அங்கே நிறைவேறியது.

*

ஆனால் பிடி அரிசியோடு எல்லாம் முடிந்துவிட்டதா என்ற கேள்வியை எழுப்பியவரும் அசரியாதான். 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. மேலை நாட்டுத் தலைவர்கள் நிறைந்த அந்தச் சபையில் அவர் எழுந்து பேசினார். மிஷனெரிகளின் தியாகத்துக்கு நன்றி சொன்னார். பிறகு, எங்களுக்கு உங்கள் நட்பும் வேண்டும் என்று கேட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலருக்கு அது சுட்டது. கொடுப்பவர் மேலேயும் வாங்குபவர் கீழேயும் இருந்துகொண்டே ஆயுள் முழுவதும் கொடுக்கமுடியும் என்பதை அவர் பார்த்திருந்தார்.

அந்தக் கேள்வி வெள்ளைக்காரருக்கு மட்டுமானது என்று நாம் வைத்துக்கொண்டோம். தோர்ணக்கல்லில் சபைக்கு வந்த மாலர்களுக்கும் மாதிகர்களுக்கும் நடுவிலேயே சாதிச் சுவர் இருந்தது. நம் ஊரில் சாதி பெண் பார்க்கும்போது வருகிறது, சபைத் தேர்தலில் வருகிறது, சில இடங்களில் கல்லறைத் தோட்டம்வரை வருகிறது. ஆனாலும் ஆண்டுக்கொருமுறை அசனம் என்னும் சபை விருந்து நடக்கிறது. பெரிய அண்டாக்களில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் வேகின்றன. பந்தியில் யார் பக்கத்தில் யார் என்று பார்க்காமல் உட்காருகிறோம். எனக்கு மிகவும் பிடித்த பண்டிகை அது. திருவிருந்து மேசைக்குப் பக்கத்தில் வைக்கத்தகுந்தது என்றுகூட நினைக்கிறேன். மறுநாள் காலையில் அந்தப் பந்தி எங்கே போய்விடுகிறது என்பதுதான் என் துக்கம். ஒரு நாள் பந்தியை வருஷம் முழுவதற்கும் நீட்டுவதைவிடப் பெரிய ஊழியம் எங்கள் சேகரத்துக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

*

என் மருமகள் வேலைக்குப் போகிறாள். அரிசி எடுத்துவைக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. சம்பளம் வங்கிக் கணக்கில் விழுந்த அன்றே, வீட்டுக்கடன் தவணை போவதற்கு முன், ஒரு தொகையைத் தனியாக மாற்றிவிடுகிறாள். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் மகனுடைய படிப்புக்கு. மாதக் கடைசியில் கை இறுகும்போதும் அதைத் தொடுவதில்லை. இதைப் பிடி அரிசி என்று சொல்லலாமா என்று நான் தயங்கியதே கிடையாது.

அந்த அக்கா எங்கள் வீட்டில் தரையில் உட்கார்ந்துதான் காப்பி குடிப்பார். நாற்காலியைக் காட்டினால், "இருக்கட்டும்மா" என்பார். ஒருவர் மட்டும் பழகிய பழக்கம் இல்லை அது. எத்தனையோ தலைமுறையாக இரண்டு பக்கமும் சேர்ந்து பழகியது. மருமகள் இப்போது தன் தம்ளரை எடுத்துக்கொண்டு தரைக்கே வந்துவிடுகிறாள். ஏன் என்று கேட்டேன். "அவங்க மேல வரமாட்டேங்கிறாங்க அத்தை. அதான்" என்றாள். இருவரும் பையனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவனுக்குக் கணக்கு வருகிறது, இங்கிலீஷ்தான் தடுமாறுகிறதாம்.