பெயரற்ற விண்ணப்பம்

1990இல் விண்ணுக்கு ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கி ஒன்றே. அதன் நேரத்தை வேண்டும் ஆய்வாளரோ பலர். வழங்கக்கூடியதிலும் பன்மடங்கு நேரம் ஆண்டுதோறும் கேட்கப்படுவதால், தகுதியுடைய விண்ணப்பங்களும் மறுக்கப்படுகின்றன. பங்கீடு இங்ஙனம் அறப்பிரச்சினையாகின்றது.

2018இல் விண்ணப்பதாரரின் பெயரை மதிப்பீட்டாளரிடமிருந்து மறைக்கும் முறை புகுத்தப்பட்டது. அதற்கு முன்னர் ஆண்டுக்கணக்காகப் பெண்கள் தலைமையேற்ற விண்ணப்பங்களே குறைந்த வீதத்தில் தேறிவந்தன. அவ்வாண்டில் பெண்களுடையவை 8.7 சதவீதமும் ஆண்களுடையவை 8 சதவீதமும் தேறின. ஓராண்டுக் கணக்குச் சிறிதே. எனினும், எவரும் தீங்கு கருதாமலே பெயர் ஒரு வாதமாகிவிட்டிருந்தது என ஐயுற அது இடந்தருகின்றது.

முன்னர்ச் சாதித்தவரை நம்புவது தவறோ எனின், முன்னர் நேரம் பெற்றவரே சாதித்திருக்கவும் முடியும். ஆதலின், தரவரிசை முடிந்த பின்னரே குழுவினரின் ஆற்றல் நோக்கப்படுவது நியாயமானதே.

ஆயினும் 1995இல் தொலைநோக்கி நிலையத்தின் பணிப்பாளர் றொபேட் வில்லியம்ஸ், தமது விருப்புரிமைக்குரிய நேரத்தில் பத்து நாட்களை, வெறுமையெனத் தோன்றிய வானின் சிறு துண்டொன்றுக்கு அளித்தார். பயனில்லையென அறிஞர் சிலர் எச்சரித்தனர். அங்கு தென்பட்டவை, பால்வெளிக்கு அப்பாலுள்ள ஏறத்தாழ 3,000 விண்மீன் மண்டலங்கள். அந்நேரத்தை வேண்டி இளம் ஆய்வாளர் ஒருவர் பெயரின்றி விண்ணப்பித்திருப்பின், எந்தக் குழு அதனை வழங்கியிருக்கும்?