எங்க வீட்டு ஸ்டார் எந்த மதம்?

கிறிஸ்தவர் அல்லாதவர்கள் ஏன் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் மூன்று வகை. மதத்துக்கு வேலி கட்டுகிறவர் கோபத்தோடு கேட்கிறார். 2021 டிசம்பரில் ஆக்ராவில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் உருவ பொம்மையை எரித்தவர்களின் கேள்வி அது. ஊழியக்காரர் ஆசையோடு கேட்கிறார். இன்றைக்கு வீட்டு வாசலில் ஸ்டார் கட்டியவன் நாளைக்கு ஞானஸ்நானத்துக்கு வருவான் என்று அவருக்கு ஒரு கணக்கு. மூன்றாவது ஆள் அரசாங்க அதிகாரி. அவருக்குக் கோபமும் கிடையாது, ஆசையும் கிடையாது. கையில் ஃபைலோடு கேட்கிறார். தலித்துகளாகிய நாம் பயப்பட வேண்டியது இந்த மூன்றாவது ஆளுக்குத்தான்.

மூன்று பேருக்கும் பொதுவான நினைப்பு ஒன்று உண்டு. பண்டிகை என்பது நம்பிக்கையின் சொத்து. நம்பாதவன் கொண்டாடினால் அவன் ஏமாளி, இல்லையென்றால் ஏமாற்றுக்காரன். இந்த நினைப்பு சரிதானா?

நான் குலசேகரன்பட்டினம் பக்கத்துக்காரன். வருஷா வருஷம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்குக் காப்புக் கட்டி வேஷம் போடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன். காளி, ராஜா, போலீஸ், பிச்சைக்காரர் என்று ஆளுக்கொரு வேஷம். வீடு வீடாகப் போய்க் காணிக்கை எடுத்து, கோயிலில் கொண்டுபோய்ச் செலுத்துவார்கள். விஜயதசமி ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம். அந்தத் தட்டில் காசு போடுகிறவர்களில் வேதக்காரர்களும் உண்டு. 'அம்மனை நம்பித்தான் போடுறீங்களா?' என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் தெற்கே போனால் மணப்பாடு. 1542ல் சவேரியார் வந்த கரை. செப்டம்பரில் நடக்கிற திருச்சிலுவைத் திருவிழாவுக்கு நெற்றியில் திருநீறு பூசினவர்களும் போவார்கள். தூத்துக்குடியில் ஆகஸ்ட் 5ல் பனிமய மாதாவுக்கு நேர்ச்சை வைக்கிறவர்கள் எல்லோரும் கத்தோலிக்கர்கள் இல்லை. பண்டிகை வேலி தாண்டுவது இந்தக் கரையில் புதுசு கிடையாது.

இங்கே மதம் மாறிய விதத்தையும் யோசிக்க வேண்டும். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பைத் தேடி, ஒரு சாதியாக, ஒட்டுமொத்தமாக வேதத்தில் சேர்ந்தார்கள். ஆளுக்கு ஆள் தனியாக உட்கார்ந்து யோசித்து, மனசு திரும்பி, பிறகு சேர்ந்ததாகச் சொல்ல முடியாது. சாதி முன்னே போனது, நம்பிக்கை பின்னே வந்தது. நம்பிக்கையை மட்டும் கோலாக வைத்து இந்த மண்ணின் மதத்தை அளக்கப் போனால் கோல் ஒடிந்து போகும்.

எங்கள் தெருவுக்குள் வந்தால் இது இன்னும் சிக்கல். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் மூத்தவர் வேதம், இளையவர் அம்மன் கொண்டாடி. என் பெரியம்மா வேதத்தில் சேர்ந்தவர். அவர் பிள்ளைகளுக்குக் கோயிலில் ஒரு பெயர், பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டில் ஒரு பெயர். ஏன் இரண்டு பெயர் என்று சின்ன வயசில் கேட்டபோது, 'ஒண்ணு சாமிக்கு, ஒண்ணு சர்க்காருக்குய்யா' என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்குள் 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணை முழுசும் அடங்கியிருக்கிறது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியார் ஆகமாட்டார் என்றது அந்த ஆணை. 1956ல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். மத அடிப்படையிலான இந்தத் தடையை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007ல் அறிக்கை கொடுத்தது. கிறிஸ்தவ தலித்தும் முஸ்லிம் தலித்தும் இன்னும் வெளியேதான். சேரி மாறவில்லை, வேலை மாறவில்லை, ஊர்க்காரன் கூப்பிடுகிற விதம் மாறவில்லை. ஆனால் ஞானஸ்நானத் தண்ணீர் பட்டவுடனே தீண்டாமை கழுவப்பட்டுவிட்டது என்று சட்டம் நம்புகிறது. பாதிரியாரை விட அதிகமாக நம்புகிறது!

அதனால்தான் எங்கள் தெருவில் ஸ்டார் வெறும் காகிதமும் பல்பும் ஆகாது. அது ஒரு சாட்சியம். ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு பெண் மருத்துவர். இந்து பள்ளர் சமூகத்தில் பிறந்தவர், கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்தவர். அவருடைய கிளினிக் சுவரில் சிலுவை தொங்கியதைப் பார்த்துவிட்டு, அவர் மதம் மாறிவிட்டார் என்று முடிவு கட்டி, சாதிச் சான்றிதழை ரத்து செய்தார்கள். 2021ல் சென்னை உயர் நீதிமன்றம், தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி அமர்வு, அந்த ரத்தை ரத்து செய்தது. கணவரோடும் பிள்ளைகளோடும் சர்ச்சுக்குப் போனதாலேயே ஒருவர் தன் மதத்தை விட்டுவிட்டார் என்று ஆகாது என்றது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஞானஸ்நானம் பெற்று, ஒழுங்காகச் சர்ச்சுக்குப் போகிறவர் வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீது செய்கிற மோசடி என்று நீதிமன்றம் சொன்னது. இரண்டு வழக்கின் விவரங்களும் வேறு. ஆனால் இரண்டிலும் விசாரிக்கப்பட்டது ஒரு தலித் பெண்ணின் ஞாயிற்றுக்கிழமை. பிள்ளையார் கோயிலில் சுண்டல் வாங்கிச் சாப்பிடுகிற பிற்பட்ட சாதிக் கிறிஸ்தவரின் ஞாயிற்றுக்கிழமையை யாரும் நோண்டுவதில்லை. பார்ப்பனர் வீட்டுப் பிள்ளை கான்வென்டில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடினால் அது 'பண்பாடு'. எங்கள் பிள்ளை பாடினால் அது ஆதாரம். இந்தக் கேள்வி எல்லோர் வீட்டுக் கதவையும் ஒரே மாதிரி தட்டுவதில்லை.

சரி, அதிகாரியை விடுவோம். நமக்குள்ளேயே கேட்டுக்கொள்வோம். நம்பாமல் கொண்டாடுவது நேர்மையா? தோழர்கள் சிலர் அண்ணலைக் காட்டிக் கேட்கிறார்கள். 1956 அக்டோபர் 14ல் நாகபுரியில் 22 உறுதிமொழி எடுத்தவர் அவர். எதை வணங்கமாட்டேன் என்பதை வரிசையாகச் சொல்லி எடுத்தவர். 'அவர் வழியில வந்துட்டு அங்க ஒரு கால் இங்க ஒரு கால் வைக்கலாமா?' என்கிறார்கள். இது கனமான கேள்வி, தட்டிக்கழிக்க முடியாது. என் பதில் இதுதான்: உறுதிமொழி எதை வணங்குகிறோம் என்பதைப் பற்றியது. பண்டிகை யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதைப் பற்றியது. பெரியம்மா வீட்டில் கிறிஸ்துமஸ் அன்று இலை போட்டு உட்காருகிறபோது நான் எந்தச் சாமிக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. பெரியம்மாவுக்குக் கொடுக்கிறேன். மதம் எங்களைப் பிரித்த பிறகும் நாங்கள் பங்காளிகள்தான் என்கிற வாக்கு அது. பண்டிகைக்குப் பூர்வீகப் பட்டா யாரிடமும் இல்லை என்பது நமக்குப் பழைய பாடம். தீபாவளியைப் பௌத்தப் பண்டிகையாக எடுத்து விளக்கியவர் அயோத்திதாசப் பண்டிதர்.

இன்னொன்று, அந்தக் கதை. பிள்ளைத்தாய்ச்சிக்குச் சத்திரத்தில் இடமில்லை. மாட்டுத் தொழுவத்தில் பிரசவம். சேதி முதலில் போய்ச் சேர்ந்தது ராத்திரி ஆடு காவல் காத்தவர்களுக்கு. இதைப் புரிந்துகொள்ள எங்கள் சனத்துக்கு வேதாகமக் கல்லூரி தேவையில்லை. கதவடைப்பைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பிள்ளை சாமியா மனுசனா என்பது இரண்டாவது கேள்வி. ஜப்பானில் கிறிஸ்தவர் அல்லாதவர்கள் கிறிஸ்துமஸ் அன்று கடையில் வரிசையில் நின்று பொரித்த கோழி வாங்குகிறார்கள். அது சந்தை கொடுத்த பண்டிகை. சேரிக்கு இந்தப் பண்டிகையைக் கொடுத்தது அந்தத் தொழுவம்.

உடனே கிறிஸ்தவத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். தொழுவத்தில் பிறந்தவரின் பெயரால் கட்டிய கல்லறையில் சாதிக்குச் சுவர் எழுப்பியவர்கள் திருச்சி மேலப்புதூரில் இருந்தார்கள். மடத்துக்குள் இருந்த சாதியை 1992ல் பாமா 'கருக்கு'வில் எழுதினார். என் கண்ணால் பார்த்ததும் உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு டிசம்பர் ராத்திரி கீத பவனிக் குழு எங்கள் தெருவுக்கும் வந்தது. எந்தச் சபை என்பது வேண்டாம். அருமையாகப் பாடினார்கள். அம்மா அவசர அவசரமாகக் கருப்பட்டிக் காப்பி போட்டு எடுத்து வந்தார். 'இப்பத்தான் குடிச்சிட்டு வாறோம்மா' என்று சிரித்தபடி நகர்ந்துவிட்டார்கள். அடுத்த தெருவில் அதே குழு டம்ளரோடு நின்றதை நானே பார்த்தேன். காப்பி ஆறிப்போச்சு. அம்மா ஒன்றும் சொல்லாமல் எங்களுக்கே ஊற்றிக் கொடுத்தார்.

கேக் சமாச்சாரமும் இதுதான். எங்கள் தெருவிலிருந்து பேக்கரிக் கேக்கையோ தூத்துக்குடி மக்ரூனையோ டப்பாவோடு கொடுத்தால் ஊருக்குள் வாங்கிக்கொள்வார்கள். பெரியம்மா கையால் பிடித்த முந்திரிக்கொத்தைக் கொடுத்தால், 'எதுக்கு அக்கா சிரமம்' என்று ஒரு தயக்கம் வரும். பேக்கரி டப்பாவுக்குச் சாதி தெரியாது, சமைத்த கைக்குத் தெரியும். ஆக, மதத்தைத் தாண்டுவது இந்த ஊரில் லேசு. ஸ்டார் தாண்டும், பாட்டுத் தாண்டும், தசராத் தட்டு தாண்டும். ஒரு டம்ளர் காப்பி தாண்டாது. 'மத நல்லிணக்கம்' என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த டம்ளரைப் பற்றிப் பேசுவதில்லை. வேதக்காரரும் அம்மன் கொண்டாடியும் சேர்ந்து நிற்கிற போட்டோவில் இரண்டு பேரும் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை.

எனவே கேள்வியைத் திருப்பிப் போடுகிறேன். கிறிஸ்தவர் அல்லாதவர் ஏன் கொண்டாடுகிறார் என்பதை விட, கொண்டாடுகிறவர் யார் வீட்டில் சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். பண்டிகையின் நேர்மையை உரசிப்பார்க்கிற கல் அதுதான். நம்பிக்கையோடு நள்ளிரவுத் திருப்பலிக்குப் போய்விட்டு எங்கள் காப்பியை மறுக்கிறவரை விட, நம்பாமல் வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் அந்தத் தொழுவத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

நமக்கு டிசம்பர் 25க்கு வேறு கணக்குகளும் உண்டு. 1927ல் அதே தேதியில்தான் மகாடில் அண்ணலின் முன்னிலையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. 1968ல் அதே தேதி ராத்திரிதான் கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்டுப் போராடிய நம் சனத்தில் 44 பேரை, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். ஒரு நெருப்பு நாம் வைத்தது. ஒரு நெருப்பு நமக்கு வைத்தது. இந்த இரண்டையும் அறிந்த தெருவில் அன்றைக்கு ஸ்டார் எரிகிறபோது அந்த வெளிச்சத்துக்கு ஒரே அர்த்தம் இருக்க முடியாது.

ஸ்டார் கட்டுங்கள். அதன் பக்கத்தில் வெண்மணிக்கு ஒரு விளக்கும் வையுங்கள். குடிலில் பொம்மை அடுக்குகிற பிள்ளைகளுக்கு மகாடையும் சொல்லிக்கொடுங்கள். ஃபைலோடு வருகிறவர் கேட்டால், ஸ்டார் எங்கள் பெரியம்மாவுக்கு, சான்றிதழ் எங்கள் மேல் இன்னும் இருக்கிற தீண்டாமைக்கு என்று சொல்லுங்கள். மதம் எதுவானாலும் தீண்டாமை ஒன்றுதான், அந்த 1950 ஆணையைத் திருத்து என்று சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு பெயரோடு பிள்ளை வளர்க்கிற நிலைமை போகிற வரைக்கும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.