சட்டத்துக்கு வெளியே

திங்கட்கிழமைகளில் எங்கள் றெஸ்ரோறன்ட் பூட்டு. லாச்சப்பலில் இருக்கிறவனுக்கு லீவு நாளில் செய்யக் கனக்க வேலையில்லை. ஊருக்குக் காசு அனுப்பலாம், முருங்கைக்காயும் மீனும் வாங்கலாம், கடை வாசலில் நின்று அரசியல் கதைக்கலாம். இவையெல்லாம் அலுத்துப்போன ஒரு செப்ரெம்பர் திங்களில், கமராவைத் தூக்கிக்கொண்டு கார் து லியோனில் ரெயின் ஏறினேன். நாற்பது நிமிடத்தில் பொன்தன்புளோ.

அங்கே அருவி கிடையாது. மணல் நிலம், பெய்கிற மழையைக் குடித்துவிடும். பாறைகள், ஓக் மரங்கள், நடுவே முழங்கால் உயரத்தில் ஊதாப் பூப் பூத்த பற்றைவெளிகள். அந்தச் செடியை இங்கே புறுயேர் என்கிறார்கள். நிலத்தில் முட்டையிடும் பக்கிக்குருவிக்கு இப்படித் திறந்த வெளி வேண்டும். பகலில் அது கண்ணில் படாது. கறுப்பு மரங்கொத்தி ஒன்றின் குரல் மட்டும் கேட்டது. ஆளைப் படமெடுக்கக் கிடைக்கவில்லை.

நான் நடந்த பாதையில் பாறைகளிலும் மரங்களிலும் நீலக்கோடு. நெப்போலியனின் படையில் இருந்து, பின்னர் அரசியல் கருத்துக்காக வேலை போன தெனெக்கூர் என்பவர் 1842 இல் இந்தப் பாதைகளை அமைக்கத் தொடங்கினார். வேலை போனவன் காட்டில் பாதை போட்டான் என்பது எனக்குப் பிடித்துக்கொண்டது. இந்தக் காட்டின் 1,097 ஹெக்ரேயர் 1861 இல் ஒதுக்கிப் பாதுகாக்கப்பட்டது. தியோடர் ரூசோ (தத்துவக்காரர் அல்ல, ஓவியர்) முதலானவர்கள் கேட்டுக் கிடைத்தது அது. குருவிக்காக அல்ல, விறகுக்காகவும் அல்ல, பார்க்கிற கண்ணுக்காக.

பிரான்ஷார் பக்கம் ஒரு வெளி. வெளிச்சம் சரியாக விழுந்திருந்தது. ஆனால் நடுவில் இரண்டு பேர் செம்மஞ்சள் உடுப்போடு, இரைகிற மெஷினால் பிர்ச் கன்றுகளை வெட்டிக்கொண்டு நின்றார்கள். இருபது நிமிடம் எரிச்சலோடு காத்திருந்தேன். அவர்கள் விலகியதும் எடுத்தேன். நல்ல படம்தான்.

திரும்பும் ரெயினில் அதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. கன்றுகளை வெட்டாமல் விட்டால் பிர்ச்சும் பைனும் வளர்ந்து அந்த வெளியை மூடிவிடும். புறுயேரும் போய்விடும், பக்கியும் போய்விடும். அந்தக் காட்சியைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் விலகட்டும் என்றுதான் நான் காத்து நின்றிருக்கிறேன்.

என் தொழிலும் கிட்டத்தட்ட அதுதான். கோப்பை குசினியை விட்டு வெளியே போகுமுன் அதன் விளிம்பை ஈரத்துணியால் துடைப்பேன். விரலடையாளம் இருக்கக்கூடாது. சாப்பிடுகிறவருக்கு நான் இருப்பது தெரியவே கூடாது. அப்படிப்பட்ட நானே இன்னொருவரைத் துடைத்துவிட்டேன்.

முதற்தடவையும் அல்ல. 2007 இல், பேராதனையில் படித்தபோது (முடிக்கவில்லை), வகுப்போடு ஹோட்டன் சமவெளிக்குப் போனோம். 2,100 மீற்றர் உயரத்துப் புல்வெளி, பனிமூட்டம், பேக்கர் நீர்வீழ்ச்சி. பேக்கர், இலங்கையில் வேட்டையாடியதைப் புத்தகமாக எழுதிய ஆங்கிலேயர். யானைகளைச் சுட்டவரின் பெயரை அருவி சுமக்கிறது. 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடவேண்டாம் என்று தாவரவியலாளர் ஹூக்கர் 1873 இல் சொன்ன ஆலோசனையால் மேலே காடு தப்பியது. கீழே தேயிலை. உலக முடிவு என்கிற விளிம்பில் நின்று எல்லோரும் பள்ளத்தாக்கைப் படமெடுத்தோம். தூரத்தில் லயங்களின் தகரக்கூரைகள் மின்னின. "தகரம் வெட்டுது மச்சான், கொஞ்சம் மேல பிடி" என்றான் ஒரு சிநேகிதன். பிடித்தேன். 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கும் கூரைகள் அவை என்பது எனக்குத் தெரியாததல்ல. சோதனையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன்.

ஆனாலும் விசயம் அவ்வளவு லேசில்லை. படத்தில் விழாதிருப்பதும் ஒரு பாதுகாப்பு. அடுத்த வருடம் ஒரு சோதனைச் சாவடியில் என் கமராவில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டி "இவன் ஆர்?" என்று கேட்டார்கள். எல்லாப் படமும் மரமும் மலையுமாக இருந்திருக்கக்கூடாதா என்று அன்றைக்கு நினைத்தேன். இங்கேயும் ஊர்வலத்தில் கமராவைக் கண்டால் முகம் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள். விசா இல்லாமல் குசினியில் நிற்கிற பெடியனைப் படமெடுத்து உலகத்துக்குக் காட்டுவது அன்பும் அல்ல, நீதியும் அல்ல. ஆகவே ஆட்களை உள்ளே எடுப்பதுதான் சரி என்று எழுதிவிட எனக்குத் துணிவில்லை. ஆள் வெளியே நிற்பது யாருக்காக என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது போலும். அந்த இரண்டு பேரிடமும் "எடுக்கட்டுமா?" என்று கேட்டிருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள். அதற்கு என் பிரெஞ்சு போதும். நான் கேட்கவில்லை. எனக்கு அவர்கள் இடைஞ்சல், அவ்வளவுதான்.

இரவு படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"வடிவாக் கிடக்கு தம்பி. ஆனா பத்தைக் காணி உப்பிடித் தன்பாட்டில நிக்காதே. ஆரோ வெட்டித் துப்புரவாக்கினம் போல."

"ஓமம்மா. ரெண்டு பேர் நிண்டவை."

"அவையளை எடுக்கேல்லையே?"

நாளைக்கு வேலை என்று சொல்லிப் போனை வைத்தேன்.