லாக்ல போட்டாச்சு

பின்னணியில் ஓடும் மென்பொருளுக்குத் திரை கிடையாது. விண்டோஸில் அதை ‘சர்வீஸ்’ என்பார்கள், லினக்ஸில் ‘டீமன்’. யாரும் கணினியைத் தொடாத நடுராத்திரியிலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பிழை வந்தால் அதற்குத் தெரிந்த ஒரே வழி லாக் கோப்பில் ஒரு வரி எழுதி வைப்பது.

யாருமே கையாளாத பிழை வந்தால் அது என்ன செய்யணும்? டாட்நெட்டின் தொடக்கப் பதிப்புகளில், பின்னணி த்ரெட் ஒன்றில் அப்படி நடந்தால் அந்த த்ரெட் மட்டும் சத்தமில்லாமல் செத்துப்போகும். சேவை ‘ஓடுகிறது’ என்றே வெளியே காட்டும். 2005-இல் வந்த 2.0 பதிப்பு இதை மாற்றியது. இனி மொத்த நிரலும் நின்றுவிடும். எனக்கு இந்தப் பிடிவாதம் பிடிக்கும். ஆனால் நிரல் எழுதுகிறவர்கள் லேசுப்பட்டவர்களா? எல்லாவற்றையும் சுற்றி ஒரு பெரிய ‘கேட்ச்’, உள்ளே லாக்கில் ஒரு வரி, மறுபடியும் ஓட்டம். கேட்டால், “லாக்ல போட்டாச்சு.” பொறுப்பு கைமாறிவிட்டது. யார் கைக்கு என்றுதான் தெரியாது.

அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1-க்கு முன் எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டிய புதிய நிரலை ஏழில்தான் ஏற்றியிருந்தார்கள். எட்டாவதில் 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திவிட்ட பழைய நிரல் அப்படியே கிடந்தது. அன்று காலை எட்டு மணியிலிருந்தே சிஸ்டம் தானாக மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கியது. 9:30-க்குச் சந்தை திறப்பதற்குள் 97 மின்னஞ்சல்கள். பழைய நிரலின் பெயரே பிழைக்குறிப்பில் இருந்தது. ஒருவரும் அசையவில்லை. அடுத்த 45 நிமிடங்களில் 154 பங்குகளில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகள். நட்டம் 46 கோடி டாலருக்கும் மேல்.

படிக்காதவர்களைத் திட்டுவது சுலபம். அந்த மின்னஞ்சல்கள் எச்சரிக்கையாக வடிவமைக்கப்பட்டவையே அல்ல, ஊழியர்கள் வந்தவுடன் அவற்றைப் பார்க்கும் வழக்கமும் இல்லை என்கிறது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் உத்தரவு. தினமும் அர்த்தமில்லாமல் வந்து விழுகிற வரிகளுக்கு நடுவில் ஒன்று உயிர்போகிற விஷயம் என்று எப்படித் தெரியும்? அதனால் என் கோபம் எழுதியவர் பக்கம் திரும்புகிறது. பிழையைப் பிடிக்கும் இடத்திலேயே, இதை யார் கேட்கப் போகிறார், எத்தனை நிமிடத்துக்குள், கேட்க ஆளில்லை என்றால் நிரல் நிற்க வேண்டாமா என்று அவர் யோசித்திருக்கணும். சேவை நின்றால் வாடிக்கையாளர் கத்துவார், உண்மைதான். அந்தக் கத்தலாவது யார் காதிலாவது விழும்.

லாக் வீண் என்று சொல்லவில்லை. பிரேதப் பரிசோதனைக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. 2013 அக்டோபரில் வெளியான ஆணையத்தின் உத்தரவில் அந்த மின்னஞ்சல்களை எண்ணியே எழுதியிருந்தார்கள். அபராதம் 1.2 கோடி டாலர்.