மாதங்கினி நடந்த இருள்

கணவன் குற்றம் இழைக்கத் துணியும்போது அதை மறைப்பதும் மனைவியின் கடமையாகுமா? 1864-ல் கொல்கத்தாவின் ‘இண்டியன் ஃபீல்டு’ வார இதழில் பங்கிம் சந்திரர் ஆங்கிலத்தில் தொடராக எழுதிய ‘ராஜ்மோகனின் மனைவி’ என்ற நாவல் இவ்வினாவை எழுப்புகிறது.

தன் தங்கையின் கணவரான மாதவின் வீட்டைக் கொள்ளையிட, ராஜ்மோகன் கள்வருடன் சதி செய்வதை அவன் மனைவி மாதங்கினி நள்ளிரவில் கேட்டுவிடுகிறாள். உடனே கிராமத்து இருளில் தனியே நடந்து சென்று மாதவை எச்சரிக்கிறாள். விபீஷணனையே வீட்டைக் காட்டிக் கொடுத்தவன் என்று பழிப்போர் இன்றும் உண்டு, மனைவியை விட்டுவைப்பார்களா?

எனினும் சிக்கல் அதுவன்று. மாதவிடம் அவளுக்கு நெடுநாளாக மறைத்து வைத்த அன்பு இருந்தது. அன்றிரவே அதை அவரிடம் சொல்லியும் விடுகிறாள். அவளை அழைத்துச் சென்றது தர்மமா, ஆசையா? இரண்டும்தான். நோக்கத்தில் கலப்பிருந்ததால் அவளது செயல் தவறாகிவிடாது. அவள் வாய்மூடி இருந்திருந்தால் தங்கையின் குடும்பம் நிலைகுலைந்திருக்கும். செயல் சரியாக இருந்ததால் அந்தக் கலப்பு தூய்மையாகிவிடுவதும் இல்லை.

அப்போது துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றி வந்த பங்கிம், ராஜ்மோகனைச் சட்டத்தின் கையில் ஒப்படைக்கிறார். மாதங்கினிக்குத் தீர்ப்பு எதுவும் எழுதவில்லை. அவள் தந்தையின் வீட்டிற்குத் திரும்பி, இளம் வயதிலேயே இறந்துபோகிறாள்.