அடைக்கலமும் வீடும்

ஒருவர் சொல்வது உண்மைதானா என்று தெரியவரும் முன்னர் அவருக்கு வீடு கொடுக்க வேண்டுமா? அகதி அந்தஸ்துக் கோரி நிற்பவர் விடயத்தில் இது வெறும் தத்துவக் கேள்வியல்ல. அவரது கோரிக்கை விசாரிக்கப்பட்டு முடிவு வருவதற்குள் மாதங்கள், சிலவேளை வருடங்கள் கடந்துவிடும். அதுவரை அவர் எங்கே உறங்குவது?

2019இல் இந்தக் கேள்வி எமது வாசலுக்கே வந்தது. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து வந்து, ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயத்தில் பதிந்திருந்த பலர் நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்தனர். அஹ்மதியர், கிறிஸ்தவர், ஷீஆக்கள் என அவர்களிற் பலர் தமது நாட்டின் தீவிரவாதிகளுக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் இலங்கை கையொப்பமிடவில்லை. இங்கு தொழில் செய்யும் உரிமையும் அவர்களுக்கு இருக்கவில்லை. ஏப்ரல் 21இல் கட்டுவாப்பிட்டிய தேவாலயத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அடுத்த சில நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அகதிகளும் கோரிக்கையாளரும் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அஹ்மதியரின் தொழுகையிடத்திலும், பஸ்யாலையில் ஒரு மண்டபத்திலும், பொலிஸ் நிலைய வாகனத் தரிப்பிடத்திலும் குழந்தைகளோடு படுத்தனர். ஒரு பகுதியினர் பின்னர் வவுனியா பூந்தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

வீட்டுக்காரரைத் திட்டுவது இலகு. அவர் தன் ஊரின் ஜனாஸாக்களைப் பார்த்தவர். அயலவரின் நெருக்குதலைத் தனியே தாங்க முடியாதவர். அவரது பயம் விளங்கிக்கொள்ளக் கூடியது. ஆனால் பயம் தீர்ப்பாகிவிடக் கூடாது. அதே ஆண்டு மே மாதம் மினுவாங்கொடையிலும் குளியாப்பிட்டியிலும் எமது கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, யாரோ செய்த குற்றத்துக்கு நாம் பதில் சொல்ல நேர்ந்தது. அந்த வலி தெரிந்த சமூகம் இன்னொருவரை அதே தராசில் நிறுக்கலாகாது.

“முதலில் விசாரித்து முடிக்கட்டும், பிறகு பார்ப்போம்” என்பது நியாயம்போலத் தெரியும். ஆனால் வீடில்லாதவருக்கு நேர்முக விசாரணைக்கான கடிதம் எந்த முகவரிக்கு வரும்? மழையில் நனையும் பையில் ஆவணங்கள் எத்தனை நாள் தப்பும்? தூக்கமில்லாதவர் தனக்கு நேர்ந்ததைத் திகதி பிசகாமல் எப்படிச் சொல்வார்? உண்மையை நிரூபித்தால்தான் வீடு என்கிறோம். உண்மையை நிரூபிக்கவே வீடு தேவைப்படுகிறது.

சூரா தவ்பாவின் 6ஆவது வசனம் இவ்விடத்தில் சிந்திக்கத்தக்கது. இணைவைப்பவர் ஒருவர் அடைக்கலம் கேட்டாலும் கொடுக்குமாறு அது பணிக்கிறது. அத்தோடு நிற்கவில்லை. அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்குமாறும் சொல்கிறது. அடைக்கலம் ஒரு கடமை, சேர்ப்பித்தல் இன்னொரு கடமை. முதலாவதோடு திருப்திப்பட்டுவிடுவது எமது வழக்கம். கொள்கை வேறுபாட்டைக் காட்டி ஒதுங்குவோருக்கும் அந்த வசனத்திலேயே பதில் உண்டு.

புத்தளம் இதற்குச் சாட்சி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களுக்கு அந்த மண் பள்ளிவாசலையும் பாடசாலையையும் திறந்துவிட்டது. அந்த நன்றி மறக்கக்கூடியதல்ல. ஆயினும் உலக வங்கியின் நிதியில் அவர்களுக்கான நிரந்தர வீட்டுத் திட்டம் வந்தது 2007இல்தான். பதினேழு வருடங்களில் கிடுகுக் குடிசையில் ஒரு தலைமுறையே வளர்ந்து முடிந்துவிட்டது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? அகதிக்கு வாடகைப் பணம் மட்டும் கொடுத்தாற் போதாது. 2019இல் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தவர்களும்தான் வெளியேற்றப்பட்டார்கள். வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் நடுவில் நிற்க ஆள் இருக்கவில்லை. ஒரு ஜமாஅத்தோ சங்கமோ உடன்படிக்கையில் பிணையாகக் கையொப்பமிட வேண்டும். கிராம சேவகருக்கும் பொலிஸுக்கும் அயலவருக்கும் அவர்களை அறிமுகப்படுத்த வேண்டும். முறைப்பாடு வந்தால் அன்றே போய்ப் பேச வேண்டும். மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் முஹாஜிர்களையும் அன்ஸார்களையும் ஆளுக்கு ஆள் இணைத்துச் சகோதரர்களாக்கினார்கள். பொதுவான இரக்கம் அங்கே பெயர் குறித்த பொறுப்பாக மாறியது. இது வீட்டுக்காரரின் தலையில் மட்டும் இருந்த சுமையைப் பங்கிடும் வழியுமாகும்.

சோற்றுப் பொதி கொடுப்பவர் தன் பணத்தில் கொஞ்சம் கொடுக்கிறார். பிணை நிற்பவர் தன் பெயரைக் கொடுக்கிறார். இரண்டாவது கஷ்டமானது, அதனால்தான் அதற்கு ஆள் குறைவு.

அந்தக் கோரிக்கை நாளை நிராகரிக்கப்பட்டால்? சில மாத வாடகை எமக்கு நட்டம். அவர் சொன்னது உண்மையாக இருந்து, நாம் தெருவில் விட்டிருந்தால்? அவரது பிள்ளைகள் இழந்த நாட்களை எந்தத் தீர்ப்பும் திருப்பிக் கொடுக்காது. இந்த இரண்டு தவறுகளில் எதைச் செய்யத் துணிவது என்பதே கேள்வி. முதலாவது தவறோடு அல்லாஹ்வின் முன் நிற்பது எமக்கு இலகுவாயிருக்கும் என்றே நம்புகிறேன்.