அமானிதமும் உடைமையும்

அதிகாரம் என்பது மனிதனிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளா, அன்றி அவனுக்கே உரிய சொத்தா? இவ்வினாவுக்கு விடை கூறுதல் எளிது. கூறிய விடையின்படி நடத்தலே அரிது. ஹங்கேரி நாட்டின் மத்திய கால வரலாறு இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

அந்நாட்டு மன்னர் இரண்டாம் ஆண்ட்ரூ, அரசுக்குரிய கோட்டைகளையும் நிலங்களையும் தம் விருப்பத்துக்குரியோருக்கு வாரி வழங்கினார். அதனால் மூண்ட எதிர்ப்பின் விளைவாக 1222ஆம் ஆண்டில் அவர் ஒரு பொற்சாசனம் பிறப்பித்தார். முழு மாவட்டங்களையோ பதவிகளையோ எவருக்கும் நிரந்தர உடைமையாக வழங்குவதில்லை என்று அதில் உறுதி கூறினார். மன்னர் வாக்குத் தவறினால், ஆயர்களும் பிரபுக்களும் துரோகக் குற்றம் சாராமலே அவரை எதிர்க்கலாம் என்றும் அச்சாசனம் கூறிற்று.

ஆயின் அதே சாசனம், நாணயச்சாலை, உப்பு, சுங்கம் ஆகியவற்றின் அதிகாரப் பதவிகள் பிரபுக்களுக்கே உரியவை என்றும், முஸ்லிம்களும் யூதர்களும் அவற்றை வகிக்கலாகாது என்றும் விதித்தது. அக்காலத்தில் ஹங்கேரியில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். அந்நாட்டிலிருந்து மார்க்கக் கல்வி பயில வந்தோரை ஹலப் நகரில் தாம் சந்தித்ததாகப் புவியியல் அறிஞர் யாகூத் அல்ஹமவீ எழுதியுள்ளார். மன்னரிடம் நீதி கோரியோர், அந்நீதியின் எல்லையைத் தம் வாயிலோடு நிறுத்திக்கொண்டனர்.

அதன் பலன் பின்னர் வெளிப்பட்டது. 1301இல் ஆர்பாத் அரச மரபு ஆண்வாரிசின்றி முடிவுற்றது. அப்போது சாக், அபா, கான், கோசெகி முதலிய குடும்பங்கள் நாட்டைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. மன்னருக்கு அடுத்த நிலையிலுள்ள 'பலட்டின்' பதவியை வகித்த மாத்தே சாக், வடமேற்குப் பகுதியைத் தனியரசு போல் ஆண்டார். திரான்சில்வேனியாவின் ஆளுநர் லாஸ்லோ கான், புனித மணிமுடியையே தம் வசம் வைத்திருந்து 1310இல்தான் திருப்பியளித்தார். பதவிகளை உடைமையாக்கலாகாது என்று மன்னரிடம் எழுதி வாங்கிய வர்க்கத்தின் தலைவர்களே பதவிகளை உடைமையாக்கினர்!

காஷ்ஷா நகரை அடக்க முயன்ற அமாதே அபா, 1311இல் அந்நகர மக்களாலேயே கொல்லப்பட்டார். மறு ஆண்டு ரோஸ்கொனிப் போரில் மன்னர் முதலாம் சார்லஸ், அபாவின் மைந்தர்களை வென்றார். மாத்தே சாக் மட்டும் இறுதிவரை பணியவில்லை. எனினும் 1321இல் அவர் மறைந்த சில மாதங்களிலேயே அவருடைய கோட்டைகள் மன்னர் வசமாயின.

வென்ற சார்லஸ் பல கோட்டைகளையும் அவற்றின் வருவாயையும் பதவிக்காலம் வரை மட்டுமே அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். பதவி நீங்கின், கோட்டையும் நீங்கும். இது அமானிதத்தின் சாயலே. ஆயினும் அதிகாரிகளைக் கணக்குக் கேட்ட மன்னரை யார் கணக்குக் கேட்பது? பொற்சாசனத்தை அவர் உறுதிப்படுத்தவேயில்லை. பின்வந்த மன்னர் சிகிஸ்முண்டு, தம் ஆட்சியின் தொடக்கத்தில் கோட்டைகளுள் பெரும்பகுதியைப் பிரபுக்களுக்கு வழங்கிவிட்டார். மன்னரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பிய ஏற்பாடு அவருக்குப் பின் நிலைக்கவில்லை.

ஆகவே, அமானிதத்துக்கு அடையாளங்கள் இரண்டு: அதற்கோர் எல்லை இருத்தல் வேண்டும்; கணக்குக் கேட்க ஒருவர் இருத்தல் வேண்டும். மேலிருப்பவரிடம் உரிமை கோருபவர், கீழிருப்பவருக்கும் அவ்வுரிமையை அளிக்கிறாரா என்பதே உரைகல். நாட்டை ஆள்வோர்க்கு மட்டுமோ இவ்விதி? ஒரு குடும்பத்தின் சாவிக்கொத்தைக் கையில் வைத்திருப்பவருக்கும் இதுவேயன்றோ விதி!